கண்ணாடிக்கும் பித்தளைக்கும் நடுவில்

பிலிம் போட்டுப் படமெடுக்கும் பழைய காமிராக்களுக்கு இக்காலத்தில் மறுபடியும் ஒரு மதிப்பு ஏற்பட்டிருப்பதும், டிஜிட்டல் காமிராக்கள் வந்த புதிதில் பரணுக்குப் போனவை இன்று கண்ணாடி அலமாரிகளில் விலைச்சீட்டோடு வீற்றிருப்பதும் பலரும் அறிந்த விஷயம். அவற்றை வாங்கப் புறப்படுகிறவர்களிடம் நான் கண்ட பொது இயல்பு என்னவென்றால், அவர்கள் முதலில் பெயரைப் பார்க்கிறார்கள். பிறகு மேல்தகட்டின் பளபளப்பைப் பார்க்கிறார்கள். லென்ஸின் முகப்பில் பொறித்திருக்கும் எஃப் எண் எவ்வளவு சிறியதோ அவ்வளவுக்கு அதைப் பெரிதாக மதிக்கிறார்கள். அதோடு பரீட்சை முடிந்துவிடுகிறது. பித்தளையும் கண்ணாடியும் எளிதில் கெடுகிற வஸ்துக்கள் அல்ல. ஐம்பது அறுபது வருஷங்களில் கெடுகிறவையெல்லாம் கண்ணாடிக்கும் கண்ணாடிக்கும் நடுவிலும், உலோகத்துக்கும் உலோகத்துக்கும் நடுவிலும், கண்ணுக்குப் புலப்படாத மெல்லிய படலங்களாய் ஒளிந்து கிடக்கின்றன. பசை, பூச்சு, எண்ணெய், ரப்பர் தோய்த்த துணி, ஒளி கசியாமல் அடைக்கும் நுரைப்பஞ்சு ஆகிய இவற்றின் ஆரோக்கியத்துக்குத்தான் நாம் உண்மையில் விலை கொடுக்கிறோம். பெயருக்குக் கொடுப்பது அதற்கு மேற்பட்ட தட்சிணை.

அந்தத் தட்சிணையைப் பற்றி முதலில் சொல்லி முடித்துவிடுகிறேன். ஜெர்மனியில் வெட்ஸ்லார் நகரத்து லைட்ஸ் கம்பெனியில் பணிபுரிந்த ஆஸ்கார் பார்னாக் என்பவர், சினிமாப் பிலிமையே உபயோகித்து, சினிமாவின் இரண்டு சட்டங்களைச் சேர்த்து 24-க்கு 36 மில்லிமீட்டர் அளவில் ஒரே சட்டமாக்கி, சட்டைப்பையில் அடங்கும் ஒரு காமிராவைச் செய்து பார்த்தார். முதல் உலகயுத்தம் குறுக்கிட்டதால் தாமதித்து, 1925-ம் வருஷம் லைப்சிக் சந்தையில் அது லைகா என்ற பெயரோடு வெளிவந்தது. அன்று அவர் வகுத்த அளவே இன்றைய டிஜிட்டல் காமிராக்களிலும் ‘முழுச் சட்டம்’ என்ற கௌரவத்தோடு வழங்கிவருகிறது. லைகாவின் புகழைக் கண்டு அதைப் பிரதி செய்தவர்கள் அநேகர். அவர்களுள் விசித்திரமானவர்கள், இன்றைய உக்ரேனில் உள்ள கார்கோவ் நகரத்தில், வீடற்றுத் திரிந்த சிறுவர்களைச் சேர்த்து நடத்தப்பட்ட ஒரு தொழிற் குடியிருப்பினர். 1934 முதல் அங்கே வரிசையாக உற்பத்தியான காமிராவுக்கு, சோவியத் இரகசியப் போலீஸை ஸ்தாபித்த பெலிக்ஸ் எட்முந்தோவிச் ட்ஸெர்ஜின்ஸ்கியின் முதலெழுத்துக்களைக் கோத்து, ‘ஃபெட்’ என்று நாமகரணம் செய்தார்கள். போலீஸ் தலைவர் ஒருவருடைய பெயரில் இத்தனை பேர் தங்கள் குழந்தைகளைப் படம் பிடித்தது சரித்திரத்தின் குறும்புகளில் ஒன்று. பிற்காலத்தில் சாமர்த்தியசாலிகள் சிலர், ஃபெட்டையும் அதன் சகோதரமான ஜோர்கியையும் எடுத்து, மேலெழுத்தைச் சுரண்டி, லைகா என்று செதுக்கி, சிலவற்றுக்குப் பொன்முலாமும் பூசி, 1936 ஒலிம்பிக் பந்தய முத்திரையோ ஜெர்மன் விமானப்படையின் கழுகோ பொறித்து விற்கத் தொடங்கினார்கள். இவற்றைக் கண்டுகொள்ள லென்ஸைக் கழற்றி உள்ளே மேற்புறம் பார்த்தால் போதும்: லென்ஸின் முன்பின் அசைவைத் தூரமானிக்கு அறிவிக்கும் கைமுனையில், உண்மையான லைகாவில் சுழலும் ஒரு சிறு உருளை இருக்கும், ஃபெட்டிலும் ஜோர்கியிலும் அவ்விடத்தில் நாக்குப் போன்ற ஓர் உலோகத் துண்டு இருக்கும். பொன்முலாம் பூசியவர் அந்த உருளையை மாற்ற மெனக்கெடுவதில்லை. ஃபெட்டை ஃபெட்டென்றே சொல்லி அதற்குரிய விலைக்குத் தருவாரானால் தாராளமாக வாங்கலாம். அது ஒன்றும் கெட்ட காமிரா அன்று.

இனி லென்ஸுக்கு வருவோம். விஷயத்தின் சாரம் அங்கேதான் இருக்கிறது.

லென்ஸ் என்று ஒருமையில் சொன்னாலும் அது பல வில்லைகள் அடங்கிய ஒரு கூட்டம். தனி வில்லை ஒன்றினால் திருத்தமான பிம்பம் கிடைப்பதில்லை. ஓரத்தில் புகும் கிரணங்களும் நடுவில் புகும் கிரணங்களும் ஒரே புள்ளியில் கூடுவதில்லை. நீலம் ஓரிடத்திலும் சிவப்பு வேறோர் இடத்திலும் குவிகின்றன. தட்டையான சுவரின் பிம்பம் கிண்ணத்தின் உட்புறம்போல் வளைந்து விழுகிறது. இக்குற்றங்களை ஒன்றுக்கொன்று எதிரான குற்றங்களைக் கொண்டே அடக்குவதுதான் லென்ஸ் அமைப்போருடைய வித்தை: குவிவில்லை செய்த பிழையைக் குழிவில்லை செய்யும் பிழை ஈடுசெய்ய வேண்டும். அதற்கு ஒரே ஜாதிக் கண்ணாடி போதாது. ஜெர்மனியில் யேனா என்ற ஊரில் எர்ன்ஸ்ட் அபே என்ற பௌதிக ஆசிரியரும் ஓட்டோ ஷாட் என்ற ரசாயன நிபுணரும் கூடி, பேரியம் முதலிய புதிய பதார்த்தங்களைச் சேர்த்துக் காய்ச்சிய கண்ணாடிகள் 1880-களில் வெளிவந்த பிறகே, அந்த ஊர் ஸைஸ் கம்பெனியில் பால் ரூடால்ப் என்ற கணிதர் தம் பிரசித்தி பெற்ற லென்ஸுகளை அமைக்க முடிந்தது. அவற்றுள் 1902-ல் தோன்றிய டெஸ்ஸார், நான்கே வில்லைகளைக் கொண்டு, பார்ப்பவர் வியக்கும்படி கூர்மையான பிம்பத்தைத் தந்தது. ரோலிபிளெக்ஸ் முதற்கொண்டு எத்தனையோ காமிராக்களில் அதுவும் அதன் நகல்களும் ஏறின. இன்று குறைந்த விலைக்குக் கிடைக்கும் பழைய காமிராக்களில் மிகப் பலவற்றின் முகத்தில் இருப்பது ஏதோ ஒரு பெயரிலுள்ள டெஸ்ஸாரே.

ஆனால் ரூடால்ப் அதற்கு ஆறு வருஷங்களுக்கு முன்னரே, 1896-ல், டெஸ்ஸாரைவிட உயர்ந்த ஒன்றை அமைத்திருந்தார். நடுத்துவாரத்தின் இருபுறமும் ஏறக்குறைய ஒன்றுக்கொன்று எதிரொலியாக நிற்கும் ஆறு வில்லைகளைக் கொண்ட பிளானார் என்னும் அந்த லென்ஸ், பிழை திருத்தத்தில் மிகவும் சிறந்தது. இருந்தும் ஏறக்குறைய அரை நூற்றாண்டு காலம் அது போதிய ஆதரவின்றிக் கிடந்தது. அமைப்பில் குறையில்லாத ஒரு கருவி ஏன் அப்படிக் கிடக்க வேண்டும் என்ற கேள்விக்கு விடை தேடப் புகுந்தால், பழைய லென்ஸுகளைப் பற்றி அறியத்தக்க விஷயங்களில் பாதி நமக்குத் தெரிந்துவிடும்.

வெளிச்சம் காற்றிலிருந்து கண்ணாடிக்குள் புகும்போதும், கண்ணாடியிலிருந்து காற்றுக்குள் வெளிப்படும்போதும், அதில் நூற்றுக்கு நான்கு அல்லது ஐந்து பாகம் உள்ளே செல்லாமல் திரும்பிவிடுகிறது. கடைவீதியின் ஜன்னல் கண்ணாடியில் நம் முகம் மங்கலாகத் தெரிவதற்கு இதுவே காரணம். இரண்டு வில்லைகளைப் பசையால் ஒட்டிவிட்டால், பசையின் ஒளிமுறிவுத் தன்மை கண்ணாடியினுடையதை ஒத்திருப்பதனால், அந்த இணைப்பில் இழப்பு அற்பமே. ஆகவே எண்ண வேண்டியது வில்லைகளை அல்ல, காற்றைத் தொடும் முகங்களை. பிளானாரின் ஆறு வில்லைகள் நான்கு கூட்டங்களாக நிற்பதால் அதற்கு எட்டு முகங்கள். முகத்துக்கு ஐந்து சதவிகிதம் கழித்துக்கொண்டே போனால் கடைசியில் பிலிமை அடைவது மூன்றில் இரண்டு பாகந்தான். இழந்த வெளிச்சம் ஒழிந்து போயிருந்தாலாவது பாதகமில்லை. ஒரு முகத்தில் திரும்பியது மற்றொரு முகத்தில் மீண்டும் திரும்பி, போக வேண்டாத வழியில் போய்ப் பிலிம் முழுவதிலும் வெள்ளைப் படலமாகப் பரவி, கருமை கருமையாகவும் வெண்மை வெண்மையாகவும் இருக்க விடாமல் செய்துவிடுகிறது. எட்டு முகங்களில் இப்படி இருமுறை மோதித் திரும்பக்கூடிய ஜோடிகள் 28. ஆறு முகங்களில் 15. முகம் இரண்டு குறைந்தால் தொல்லை ஏறக்குறையப் பாதியாகிவிடுகிறது.

இக்கணக்கை நன்குணர்ந்தவர் லுட்விக் பெர்ட்டலே. லைகாவுக்குப் போட்டியாக ஸைஸ் 1932-ல் காண்டாக்ஸ் என்னும் காமிராவை வெளியிட்டபோது அதற்காக அவர் அமைத்த ஸோனார் லென்ஸில், வில்லைகளுக்கு நடுவே காற்று இருந்த இடத்தை ஒளிமுறிவு குறைந்த கண்ணாடியால் அடைத்து, இரண்டும் மூன்றுமாக ஒட்டி, எஃப் 2 துவாரமுள்ள ஆறு வில்லைகளையும் எஃப் 1.5 துவாரமுள்ள ஏழு வில்லைகளையும் மூன்றே கூட்டங்களாக அடக்கிவிட்டார். முகங்கள் ஆறே. டெஸ்ஸாருக்கும் ஆறுதான் என்பதை நினைத்தால், துவாரத்தை அவ்வளவு அகலமாகத் திறந்தும் அதே தெளிவை நிலைநிறுத்திய அவருடைய மேதை விளங்கும். இரவு வேளையில் நாடகமேடையையும் தெருவிளக்கையும் கையில் பிடித்த காமிராவால் எடுக்க முடிந்தது பெரும்பாலும் ஸோனாரினால்தான். இரண்டாம் உலகயுத்தத்துக்குப் பிறகு ஜெர்மனியிலிருந்து யந்திரங்களையும் தொழில் முறைகளையும் ரஷியர் எடுத்துச் சென்று, காண்டாக்ஸைக் கீவ் நகரத்தில் கீவ் என்ற பெயராலும், ஸோனாரை ஜூபிட்டர் என்ற பெயராலும் பல ஆண்டுகள் உற்பத்தி செய்தார்கள். ஆகையால் பெர்ட்டலேயின் கணக்கைக் கொஞ்சப் பணத்துக்கு அனுபவிக்க விரும்புகிறவர் ஜூபிட்டர்-8 ஒன்றைத் தேடலாம். லைகா அளவுத் திருகு உள்ளதும் கிடைக்கும்.

முகங்களைக் குறைப்பது ஒரு வழி. முகத்தின் சுபாவத்தையே மாற்றுவது இன்னொரு வழி. அதற்கான தடயம் வெகு காலமாகவே எல்லோர் கண்ணெதிரிலும் இருந்தது. இங்கிலாந்தில் ராலே பிரபு 1880-களிலேயே, நாட்பட்டு மங்கிய கண்ணாடி புதுக் கண்ணாடியைவிடக் குறைவாகப் பிரதிபலிப்பதைக் கண்டார். யார்க் நகரத்தில் குக் கம்பெனிக்கு லென்ஸ் அமைத்துக்கொண்டிருந்த டென்னிஸ் டெய்லர் 1890-களில், வருஷக்கணக்கில் காற்றுப்பட்டுக் கறையேறிய லென்ஸுகள், புதியவற்றைவிட அதிக வெளிச்சத்தை உள்ளே விடுவதைக் கவனித்தார். வாடிக்கைக்காரர்கள் கறை என்று திருப்பியனுப்பக்கூடிய ஒன்றை அவர் குணமென்று கண்டுகொண்டு, அமிலங்களில் தோய்த்துச் செயற்கையாகக் கறையேற்றவும் முயன்றார். ஆனால் ஒவ்வொரு கண்ணாடியும் ஒவ்வொரு விதமாக நடந்துகொண்டதால் அந்த முயற்சி தொழிலாகப் பயன்படவில்லை. 1935-ல் ஸைஸ் கம்பெனியில் பணியாற்றிய உக்ரேனியரான அலெக்ஸாண்டர் ஸ்மக்குலா, காற்று நீக்கிய பாத்திரத்துக்குள் உப்புப் பொருளொன்றை ஆவியாக்கி, அதைக் கண்ணாடியின்மேல் படியச் செய்யும் முறையை வகுத்தார். அந்தப் படலத்தின் கனம் மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பாகம் என்றால், எத்தகைய சூக்ஷ்மம் என்பதை ஊகித்துக்கொள்ளலாம்.

இவ்வளவு மெல்லிய படலம் எப்படி வேலை செய்கிறது? படலத்தின் மேல்முகத்தில் கொஞ்சம் வெளிச்சம் திரும்புகிறது. அடிமுகத்தில், அதாவது அது கண்ணாடியைத் தொடுமிடத்தில், இன்னும் கொஞ்சம் திரும்புகிறது. படலத்தின் கனம், அதனுள் ஓடும் ஒளியலையின் நீளத்தில் கால்பங்காக இருந்தால், அடிவரை போய்த் திரும்பும் அலை, மேலேயே திரும்பிய அலையைவிட அரையலை பின்தங்குகிறது. ஒன்று மேடாக எழும் இடத்தில் மற்றது பள்ளமாகத் தாழ்கிறது. இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிடுகின்றன. சக்தி அழியாது என்பது பௌதிகத்தின் சித்தாந்தம் ஆதலால், திரும்பாத வெளிச்சம் முழுவதும் முன்னோக்கியே செல்கிறது. இரண்டு அலைகளும் சமபலம் உடையவையாக இருந்தால் பிரதிபலிப்பு அறவே ஒழியும். அதற்கு வேண்டிய அளவு முறிவெண் தாழ்ந்த, அதே சமயம் உறுதியான திடப்பொருள் அகப்படாமையால், 1.38 முறிவெண்ணுள்ள மக்னீஷியம் புளோரைடைக் கொண்டு திருப்தியடைகிறார்கள். ஐந்து சதவிகிதம் ஏறக்குறைய ஒன்றரையாகிறது. படலத்தைப் பச்சை நிறத்தின் அலைநீளத்துக்கு அளந்து பூசுவதால், சிவப்பும் நீலமும் சிறிது எஞ்சித் திரும்பி, லென்ஸின் முகத்தில் அந்தக் கத்தரிப்பூ நிறச் சாயல் தோன்றுகிறது. பிளானாருக்கு விமோசனம் கிடைத்தது இப்படித்தான்: எட்டு முகங்களையும் கடந்து செல்வது மூன்றில் இரண்டு பாகத்திலிருந்து நூற்றுக்கு எண்பத்தெட்டாக உயர்ந்தது, யுத்தத்துக்குப் பிறகு வந்த எஃப் 2, எஃப் 1.4 லென்ஸுகளில் பெரும்பான்மை ரூடால்பின் அந்தப் பழைய அமைப்பின் சந்ததியே.

வாங்குகிறவருக்கு இதிலிருந்து கிடைக்கும் பாடம் ஒன்றுண்டு. 1940-களிலும் 1950-களிலும் பூசப்பட்ட பூச்சுக்கள் மிருதுவானவை; சட்டைத் துணியால் அன்போடு துடைத்த சொந்தக்காரர்கள் அவற்றை உருவழித்திருக்கிறார்கள். அறையில் விளக்கை அணைத்துவிட்டு, ஒரு சிறு டார்ச்சைப் பின்புறமிருந்து சாய்வாகப் பிடித்து, துவாரத்தை முழுவதும் திறந்து வைத்துக்கொண்டு முன்புறமிருந்து நோக்கினால், கடைக்காரரின் மேஜையில் பளிங்குபோல் இருந்த லென்ஸ் தன் சரித்திரம் முழுவதையும் சொல்லத் தொடங்கும். நூலிழை நூலிழையாகத் தெரியும் துடைத்த தடங்கள் ஏராளமாயிருந்தால், சூரியனை நோக்கி எடுக்கும் படங்கள் வெளிறும். ஒற்றைக் கீறலைக் கண்டு மிரள வேண்டியதில்லை. பிம்பத்தின் ஒவ்வொரு புள்ளியும் லென்ஸின் முகப்பு முழுவதிலும் புகுந்த கிரணங்களால் ஆவதாகையால், முகப்பிலுள்ள ஒரு கீறல் பிம்பத்தில் உருவமாக விழாது. பின்முகத்தில் விழுந்த கீறல் அப்படியன்று. அங்கே கிரணக்கற்றை ஒடுங்கியிருப்பதால் கேடு மிகுதி. இந்த ஏற்றத்தாழ்வை அறிந்தவர், முகப்பில் கீறலுள்ள நல்ல லென்ஸை, மற்றவர்கள் ஒதுக்கும் விலையில், மனச்சமாதானத்தோடு வாங்கிக்கொள்ளலாம்.

டார்ச் வெளிச்சத்தில் தெரியக்கூடிய வேறு சில உண்டு. விளிம்பையொட்டி வானவில் நிறங்களோடு வளையங்கள் தோன்றினால், வில்லைகளை ஒட்டிய பசை விட்டுப்போயிற்று என்று அர்த்தம். முற்காலத்தில் இதற்கு உபயோகித்தது கனடா தேசத்து ஊசியிலை மரமொன்றின் பிசின். வருஷம் செல்லச் செல்ல அது உலர்ந்து விலகி, இடையே நுழைந்த காற்றுப்படலம் நிறம் காட்டுகிறது. பிரித்து மீண்டும் ஒட்டுகிற கைவினைஞர் அரியர். அத்தகைய லென்ஸை விட்டுவிடுவதே விவேகம். உட்புற வில்லைகளில் பனிமூட்டம்போல் ஒரு மங்கல் இருந்தால், அது பெரும்பாலும் குவியத்திருகில் இட்ட மசகு ஆவியாகிப் படிந்தது. பிரித்துத் துடைத்தால் போய்விடும். சிலந்தி பின்னியதுபோல் கிளைகிளையாக ஓடும் வெண்ணிற இழைகள் தெரிந்தால் அது பூஞ்சணம். நம்மைப் போன்ற கடலோர வாசிகளுக்கு முதற்பகை அதுவே.

பூஞ்சணம் கண்ணாடியைத் தின்பதில்லை. அதன் வித்துக்கள் காற்றில் எங்கும் மிதக்கின்றன. லென்ஸுக்குள் படிந்த தூசியும், மசகின் ஆவியும், விரல்பட்ட பிசுக்கும் அதற்குப் போதிய ஆகாரம். குறைவாக இருப்பது ஈரம் ஒன்றுதான். காற்றின் ஈரப்பதம் எழுபது சதவிகிதத்துக்கு மேல் நீடித்தால் வித்து முளைத்துவிடும்; சென்னையிலும் கொழும்பிலும் அந்த எழுபது வருஷத்தில் எத்தனை மாதம் இருக்கிறது என்பதை ஊறுகாய் ஜாடியும் பீரோவிலுள்ள தோல் செருப்பும் நமக்கு அறிவித்துக்கொண்டே இருக்கின்றன. முளைத்த இழைகள் வெளியிடும் அமிலக்கழிவு முதலில் பூச்சையும் பிறகு கண்ணாடியையும் அரித்துவிடுகிறது. ஆரம்ப நிலையில் துடைத்தால் சுவடின்றிப் போகும். அரித்த பிறகு பூஞ்சணத்தை நீக்கினாலும் அதன் உருவம் கண்ணாடியில் நிலைத்துவிடும். பூஞ்சணம் பிடித்த லென்ஸ் பக்கத்திலுள்ள லென்ஸுகளையும் கெடுக்கும் என்று அஞ்சி அதைத் தீண்டத்தகாததாக நடத்துவோர் உண்டு. வித்து எங்கும் இருக்கிறபோது அச்சப்பட வேண்டியது ஈரத்துக்கே என்பது என் அபிப்பிராயம். பழைய காமிராக்களோடு வரும் அழகிய தோல் உறை இருக்கிறதே, அது ஈரத்தை உறிஞ்சித் தன்னுள்ளே தேக்கி வைக்கும். உறையை அழகுக்காக வைத்துக்கொண்டு, காமிராவைக் காற்றுப் புகாத டப்பாவில் சிலிகா ஜெல் பொட்டலங்களோடு வைப்பதே தகும். நீல நிறமுள்ள ஜெல் இளஞ்சிவப்பானால் ஈரம் நிறைந்தது என்று பொருள். சூடாக்கினால் மீண்டும் நீலமாகும். நாற்பதுக்கும் ஐம்பதுக்கும் இடையே ஈரப்பதத்தை நிறுத்தும் மின்சார அலமாரிகளும் கிடைக்கின்றன. இவை எல்லாவற்றையும்விட நல்ல மருந்து, காமிராவை அடிக்கடி வெளியே எடுத்து உபயோகிப்பது.

மஞ்சள் பாரித்த லென்ஸ் ஒன்றை யாராவது காட்டினால், அது பூஞ்சணமோ அழுக்கோ அல்ல, அதைவிட ரசமான விஷயம். ஒளியை அதிகமாக முறிக்கும் கண்ணாடி கிடைத்தால் வில்லைகளை அதிகம் வளைக்காமலே வேலையை முடிக்கலாம். வளைவு குறைந்தால் பிழையும் குறையும். ஆனால் முறிக்கும் சக்தி உயர்ந்த கண்ணாடி, நிறங்களைப் பிரிப்பதிலும் மிஞ்சிவிடுவது வழக்கம். தோரியம் ஆக்ஸைடு கலந்த கண்ணாடியிலோ முதற்குணம் உயர்ந்தும் இரண்டாவது தாழ்ந்தும் நிற்பதைக் கண்டு, யுத்த காலத்தில் கொடாக் கம்பெனி விமானப்படை லென்ஸுகளிலும், பிறகு ஜப்பானில் அஸாஹி கம்பெனி பென்டாக்ஸ் காமிராவுக்குரிய 50 மில்லிமீட்டர் எஃப் 1.4 சூப்பர் டக்குமாரிலும் அதைச் சேர்த்தார்கள். தோரியமோ கதிரியக்கமுள்ளது, அதன் அரையாயுள் 1400 கோடி வருஷம். அதன் கதிர்கள் கண்ணாடியின் அணுக்களிலிருந்து எலக்ட்ரான்களைப் பெயர்க்க, பெயர்ந்தவை கண்ணாடியின் அமைப்பிலுள்ள குறைகளில் சிக்கிக்கொண்டு நீலநிற ஒளியை விழுங்கத் தொடங்குகின்றன. அதனால்தான் பத்து இருபது வருஷங்களில் கண்ணாடி தேநீர் நிறம் அடைகிறது. சிக்கிய எலக்ட்ரான்களை விடுவிக்கப் புறஊதாக் கதிர் போதும். ஜன்னலில் வெயில்படும்படி சில வாரங்கள் வைத்தாலும், புறஊதா விளக்கின் கீழ் சில நாட்கள் வைத்தாலும் நிறம் பெரும்பாலும் தெளிந்துவிடும். ஆனால் லென்ஸின் ஒரு பக்கத்தை அலுமினியத் தாளால் மூடாமல் வெயிலில் வைத்தால், வீட்டுக்கு நெருப்பு வைத்த பழி வந்து சேரும். காமிராவில் பொருத்திப் படமெடுப்பவருக்கு இக்கதிரியக்கத்தால் கவலைப்படத்தக்க தீங்கு இல்லை. அந்தக் கண்ணாடியைத் தேய்த்துப் பொடியாக்குவதும், கண்ணோடு ஒட்டிப் பார்க்கும் வில்லையாக உபயோகிப்பதும் மட்டும் கூடாது.

ஹெலியோஸ்-44 என்ற ரஷிய லென்ஸைப் பற்றியும் இங்கே ஒரு வார்த்தை சொல்லத்தான் வேண்டும். ஸைஸின் பயோட்டாரைப் பின்பற்றிய அந்த லென்ஸில், பின்னணியிலுள்ள மரக்கிளைகள் நடுவிலிருக்கும் முகத்தைச் சுற்றிச் சுழல்வதுபோல் தெரியும். துவாரத்தை முழுவதும் திறந்தால், ஓரத்துக்குச் செல்லும் கிரணக்கற்றையைக் குழலின் விளிம்பு இருபுறமும் வெட்டி, வட்டமாக விழ வேண்டிய ஒளிப்பொட்டைப் பூனைக்கண்போல் ஆக்குவதும், பிம்பத்தின் வளைவு முற்றும் திருத்தப்படாமல் விட்டதுமே அதற்குக் காரணம். அமைத்தவர் தவிர்க்க விரும்பியதைத் தேடி இன்று இளைஞர்கள் விலை கொடுக்கிறார்கள். ரசனையில் வழக்காட எனக்கு விருப்பமில்லை. என் வரையில் அந்தச் சுழல் இரண்டாவது படத்திலேயே அலுத்துவிடுகிறது.

காமிராவின் உடலுக்குள்ளும் இதே கதைதான். லைகா முதலியவற்றின் ஷட்டர், ரப்பர் தோய்த்த இரண்டு துணித்திரைகள். ஒன்றை ஒன்று துரத்தி ஓடும்போது நடுவிலுள்ள இடுக்கின் வழியாகப் பிலிமில் வெளிச்சம் விழுகிறது. இவ்வகைக் காமிராக்களில் லென்ஸுக்கும் திரைக்கும் நடுவே பிரதிபலிக்கும் கண்ணாடி எதுவும் மறைப்பதில்லை ஆதலால், மூடியில்லாமல் வெயிலை நோக்கிக் கிடத்தினால், 50 மில்லிமீட்டர் எஃப் 2 லென்ஸ், சூரியனை அரை மில்லிமீட்டருக்கும் குறைந்த ஒரு பொட்டாக, சுமார் மூவாயிரம் மடங்கு உக்கிரத்தோடு, அந்தத் துணியில் குவிக்கும். ஊசித்துளை விழ வெகுநேரம் ஆகாது. லென்ஸைக் கழற்றி, பின்கதவைத் திறந்தோ அடித்தகட்டை நீக்கியோ, இருட்டில் உள்ளே டார்ச்சைக் காட்டினால் துளைகள் நட்சத்திரம்போல் தெரியும். வேகங்களில், ஆயிரத்தில் ஒரு வினாடியைக் காதால் அளக்க முடியாது. ஒரு வினாடியை அளக்கலாம். மெதுவான வேகங்களை நிர்வகிக்கும் பற்சக்கரத் தொகுதியில் எண்ணெய் உறைந்திருந்தால், அந்த ஒரு வினாடி திக்கித் திணறி இரண்டாகும், அல்லது பாதிவழியில் நின்றுவிடும். லென்ஸின் நடுவிலேயே இலை இலையாகத் திறக்கும் ஷட்டர்களில் எண்ணெய் இலைகளின்மேல் கசிந்து ஒட்டிக்கொள்ளும். இவை இரண்டும் சுத்தம் செய்தால் தீரும் நோய்கள். ஆனால் சுத்தம் செய்யும் கூலி சில சமயம் காமிராவின் விலையைத் தாண்டும் என்பதால், வாங்கும் விலையோடு அதையும் கூட்டிக்கொண்டே பேரம் பேச வேண்டும். பின்கதவின் காடியிலுள்ள நுரைப்பஞ்சு தார்போல் உருகியிருக்கும். அதை யாரும் வீட்டிலேயே மாற்றிக்கொள்ளலாம்.

ஒளிமானி விஷயத்தில் ஒரு சங்கடம் உண்டு. 1960-களின் காமிராக்கள் பல, 1.35 வோல்ட் பாதரச பாட்டரியை நம்பி அமைந்தவை. பாதரசம் சுற்றுப்புறத்துக்கு நஞ்சென்று அவை வழக்கொழிந்தன. அதே வடிவத்தில் இன்று கிடைக்கும் அல்கலைன் பாட்டரி 1.5 வோல்ட் தருவதால், மானியின் முள் இருக்கும் வெளிச்சத்தை மிகைப்படுத்திச் சொல்ல, அதை நம்பியவருக்குப் படம் இருண்டு வரும். பென்டாக்ஸ் ஸ்பாட்மாட்டிக் போன்ற சிலவற்றில் மின்சுற்று தராசுமுறையில் அமைந்திருப்பதால் இந்தப் பிழை இல்லை. பாட்டரியே வேண்டாத செலினிய மானிகள் நாட்பட நாட்படச் சோம்பிவிடுகின்றன. மானி எதுவும் இல்லாவிட்டாலும் குடி முழுகிவிடாது: தெளிந்த வெயிலில் துவாரத்தை எஃப் 16-ல் வைத்து, பிலிமின் வேக எண்ணையே ஷட்டருக்கும் வைத்தால், அதாவது 100 வேகமுள்ள பிலிமுக்கு நூற்றில் ஒரு வினாடியோ அதற்கு அடுத்த 125-ல் ஒரு வினாடியோ கொடுத்தால், போதும்; நிழலில் மூன்று நான்கு படி திறக்கலாம். நெகடிவ் பிலிம் வெளிச்சம் மிகுந்தால் பொறுக்கும், குறைந்தால் பொறுக்காது. ஆகவே சந்தேகம் வரும்போது ஒரு படி தாராளமாக இருப்பது நலம்.

உதகமண்டலத்து இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் தொழிற்சாலையில் ‘இந்து’ என்ற பெயரோடு வந்துகொண்டிருந்த பிலிம் இப்போது இல்லை; சீமைச் சரக்கையே நம்ப வேண்டியிருக்கிறது. விலை கொஞ்சமன்று. எனினும் புதிதாக வாங்கிய காமிராவில் முதல் சுருளைக் கழுவிப் பார்க்கும் வரை அதை நம்பி ஒரு கல்யாணத்துக்குப் போவது உசிதமன்று. அந்தச் சுருளில் சூரியனை ஒரு பக்கம் வைத்துச் சில, செங்கல் சுவரை நேருக்கு நேர் சில, வெகுதூரத்துக் கோபுரத்தைச் சில, எல்லா வேகங்களிலும் ஒவ்வொன்று என்று எடுத்து, நெகடிவை விளக்கின்மேல் பரப்பினால், கடையில் தப்பித்துக்கொண்ட குற்றங்களெல்லாம் அங்கே வந்து சாட்சி சொல்லும். ஒவ்வொரு சட்டத்திலும் ஒரே இடத்தில் கரும்புள்ளி இருந்தால் அது திரையின் துளை. அதிவேகத்தில் எடுத்த படத்தில் மட்டும் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு அடர்த்தி படிப்படியாக மாறினால், இரண்டு திரைகளும் ஒரே கதியில் ஓடவில்லை. சட்டத்தைக் கடந்து பிலிமின் ஓரத்துளைகள் வரை பரவும் கருங்கீற்று பஞ்சின் குற்றம். படம் முழுவதும் ஒரே சீராக வெளிறினால் லென்ஸுக்குள் மங்கல் இருக்கிறது. கோபுரம் தெளியாமல் அதற்கு முன்னுள்ள மரம் தெளிந்தால் தூரமானியைத் திருத்த வேண்டும். இவை ஒன்றும் இல்லாமல், செங்கல் சுவரின் நடுப்பாகம் கூர்மையாக இருந்து நான்கு மூலைகள் மட்டும் சற்றுக் குழைந்து தெரியுமானால், கம்மியரிடம் ஓட வேண்டாம். துவாரம் முழுவதும் திறந்த நிலையில் டெஸ்ஸாரின் நான்கு வில்லைகளுக்கு உள்ள எல்லை அவ்வளவே, எஃப் 8-க்குக் குறுக்கினால் மூலைகளும் நேராகிவிடும்.